இரண்டு பேருக்கு ஒரு சம்பள ஆணைக்குழு

மானிப்பாய்
26.08.2025

அன்பு மகள் ஆரணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகனும் என் பேத்தி தாரிகாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க மருதடிப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். இங்கே அப்பாவின் முழங்கையில் ஒரு சிராய்ப்பும் மானத்தில் இன்னொரு சிராய்ப்பும் இருப்பதைத் தவிர, மற்றப்படி நாங்கள் சுகம். முழங்கைக்குத் தினமும் மருந்து பூசுகிறோம், மற்றதுக்கு என்ன பூசுவதென்று தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் வீடியோவில் கதைக்கிற காலத்தில் இவ ஏன் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பாய். நான் உன்னோடு கதைக்கும்போது அப்பா பக்கத்துக் கதிரையில் பேப்பர் வாசிப்பதுபோல் இருந்துகொண்டு நான் சொல்லும் ஒவ்வொரு வசனத்துக்கும் திருத்தம் சொல்வது உனக்குத் தெரியும். இந்தக் கதையைத் திருத்தம் இல்லாமல் சொல்ல வேண்டும். உன்னோடு படித்த தர்சிகா நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவள், வெள்ளிக்கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்புகிறாள். அவள் கொண்டுவரும் மிளகாய்த்தூளுக்கும் ஒடியல்மாவுக்கும் நடுவில் இது இருக்கும்.

அப்பா கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்று, வந்த காசில் இந்தச் சோலர்க் கடையைத் தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. பெயர்ப்பலகையில் அவருடைய பெயர் பெரிதாக இருக்கிறது. கூரையில் ஏறுவது மற்ற இரண்டு பேர். சுபாஸ்கரன் உடுப்பிட்டியிலிருந்து ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிளில் வருபவர், கட்டாரில் எட்டு வருடம் மின்வேலை செய்தவர். தக்சாயினியை நீ நேரில் கண்டதில்லை. இரண்டு பிள்ளைகளின் தாய், முப்பத்துநாலு வயது, மின்வேலை முறையாகப் படித்துச் சான்றிதழ் எடுத்தவள். அவர் பனல்களைக் கூரையில் பூட்டுவார். அவள் வயர் இழுத்து, கீழே சுவரில் இன்வேட்டரைப் பூட்டி எல்லாவற்றையும் இணைப்பாள். பனலில் வருகிற கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டிதான் இன்வேட்டர். ஐந்து வருடமாக அதற்குப் பில் எழுதுகிற எனக்கே அது இந்த ஆடியில்தான் சரியாக விளங்கியது. சுபாஸ்கரனுக்கு நாளொன்றுக்கு மூவாயிரத்து ஐந்நூறு, தக்சாயினிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. வெங்காயம் கிண்டுகிற தோட்டத்தில் ஆண் கூலி, பெண் கூலி என்று இருக்கிறதல்லவா, அதை அப்பா அப்படியே கூரைக்கு ஏற்றிவிட்டார்.

சித்திரை வருசப்பிறப்பன்று கைவிசேடக் காசு வாங்க வந்த சுபாஸ்கரன், வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "ஐயா, முன்வீட்டிலை மதில் கட்டுற மேசனுக்கு நாலாயிரத்து ஐந்நூறு. அந்த மனிசன் நிலத்திலை நிக்குது. நாங்கள் ஓட்டிலை நிக்கிறம். எங்கடை சம்பளத்தை ஒருக்கா யோசியுங்கோ." வேறு ஒரு முதலாளி என்றால் ஓம் என்பார், அல்லது ஏலாது என்பார். உன் அப்பா முப்பத்துமூன்று வருடம் கச்சேரியில் இருந்தவர். அவர் "பரிசீலிக்கப்படும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேருடைய சம்பளத்தைத் தீர்மானிக்க மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு எங்கள் வீட்டு முன்விறாந்தையில் கூடியது. தலைவர் அப்பா. ஓர் உறுப்பினர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும், அதிபராக இருந்து இளைப்பாறிய தம்பிஐயா மாஸ்ரர். மற்ற உறுப்பினர் நீ, ரெலிபோனில், செம்பில் சாத்தி வைத்தபடி. நீ கண்டது ரெலிபோனுக்குள் தெரிந்த அளவு. மிச்சத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் ஐந்து அமர்வுக்கும் தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்தவள் நான்தான். முதலாம் அமர்வில் "நியாயமான சம்பளம்" என்பதில் "நியாயமான" என்ற சொல்லை எந்தக் கருத்தில் எடுப்பதென்று விவாதித்தார்கள். இரண்டாம் அமர்வில் முதலாம் அமர்வின் அறிக்கையை வாசித்து ஓர் எழுத்துப்பிழை திருத்தினார்கள். மூன்றாம் அமர்வில் புள்ளித்திட்டம் வந்தது. கல்வித் தகைமைக்கு இருபது புள்ளி, நேரம் தவறாமைக்குப் பதினைந்து, ஒழுக்கத்துக்குப் பதினைந்து, கையெழுத்துக்குக்கூடப் பத்து. இப்படியே போய்க் கடைசியில் உயரத்தில் நின்று வேலை செய்வதற்கு ஐந்து. அந்தத் திட்டப்படி தம்பிஐயா மாஸ்ரர் கூரையில் ஏறினால் சுபாஸ்கரனைவிட இரண்டாயிரம் ரூபாய் கூட வாங்குவார். எங்கள் வாசல்படி ஏறுவதற்கே அவருக்கு என் கை வேண்டும்.

நாலாம் அமர்வுக்கு நீ அனுப்பிய பதினொரு பக்கப் படிவம் வந்தது. கோவிக்காதே மகள், உன்னுடைய கந்தோரில் அது நல்ல படிவமாகத்தான் இருக்கும். அங்கே ஆட்களின் சம்பளத்தையும் தகுதியையும் பார்ப்பதுதான் உன் வேலை, எனக்குத் தெரியும். ஆனால் "இன்னும் ஐந்து வருடத்தில் உங்களை எங்கே காண்கிறீர்கள்" என்ற கேள்விக்குச் சுபாஸ்கரன் "கூரையில்" என்று எழுதினார். "உங்களுடைய மிகப் பெரிய பலவீனம் என்ன" என்ற இடத்தில் தக்சாயினி "சம்பளம்" என்று எழுதினாள். நீ அதை வாசித்துவிட்டு, நல்ல நகைச்சுவை உணர்வு என்று சொல்லி அவளுக்கு இரண்டு புள்ளி கூட்டச் சொன்னாய். இந்த ஐந்து அமர்விலும் அந்த இரண்டு பேரையும் ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கூப்பிட்டால் தீர்ப்பில் சார்பு வந்துவிடும் என்று தம்பிஐயா மாஸ்ரர் சொன்னார். நானும் கேட்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். வடை எண்ணெய் குடிக்கிறதே என்பதுதான் அப்போது என்னுடைய கவலை.

ஆனி முதல் வாரத்தில், ஐந்தாம் அமர்வோடு, தீர்ப்பு வந்தது. நாளொன்றுக்குச் சுபாஸ்கரனுக்கு நூற்றைம்பது ரூபாய் கூட, தக்சாயினிக்கு எழுபத்தைந்து ரூபாய் கூட. அதோடு இரண்டு பேருக்கும் "சிறந்த சேவையாளர்" என்று அச்சடித்துக் கண்ணாடி போட்ட சான்றிதழ். கண்ணாடிச் சட்டத்துக்குப் போன செலவு அவர்களுடைய ஒரு கிழமை உயர்வைவிடக் கூட. இரண்டு பேரும் இரண்டு கையாலும் வாங்கினார்கள். தக்சாயினி அதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள், அங்கேயாவது ஏதும் எழுதியிருக்கிறதோ என்று. அந்த வெள்ளிக்கிழமை கையில் இருந்த வேலையை முடித்து, ஏணியைத் துடைத்துச் சாத்திவிட்டு வந்து விறாந்தையில் நின்றார்கள். "கோவிக்காதையுங்கோ ஐயா, சுன்னாகத்திலை ஒரு கொம்பனி எங்களைக் கேட்டவை, நாங்கள் அங்கை போறம்" என்றார் சுபாஸ்கரன். அப்பா பெருந்தன்மையாக வாழ்த்தி அனுப்பினார். அவர்கள் படலையைச் சாத்தினதும் என்னிடம் திரும்பி, "நாலு நட்டு முறுக்கிறதுக்கு உவைக்கு என்ன எடுப்பு" என்றார்.

நாலு நட்டு முறுக்குவதற்கு நாளொன்றுக்கு இரண்டாயிரம் கேட்ட இரண்டு பேரை அப்பா பிடித்துவந்தார். பெயின்ற் அடிக்கிற ஆட்கள், உயரத்துக்குப் பயமில்லை, அதுதான் அவர்களுடைய தகைமை. புள்ளித்திட்டத்தில் ஐந்து புள்ளி மட்டும் கொடுத்த அதே தகைமை என்று நான் சொல்லவில்லை, மனதுக்குள் நினைத்தேன். அளவெட்டியில் நாதஸ்வர வித்துவான் தியாகராசாவின் வீட்டுக்குப் பன்னிரண்டு பனல் ஓடர் இருந்தது. வெயில் கூடப் படுகிற தெற்குப் பக்கக் கூரையை விட்டுவிட்டு, றோட்டால் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று வடக்குப் பக்கத்தில் பூட்டினார்கள். வயர் நீளம் காணாத இடத்தில் இரண்டு துண்டை முறுக்கி ஒட்டுகிற ரேப் சுற்றினார்கள். அழகாக இருக்கிறதென்று அப்பா படம் எடுத்து உனக்கும் அனுப்பினார். நீயும் ஒரு இதயம் போட்டாய்.

ஐந்தாம் நாள் வித்துவான் ரெலிபோன் எடுத்து, மிகவும் மரியாதையாக, "உங்கடை பனல் எனக்குக் கரண்ட் தருகுதோ, என்னட்டை வாங்குதோ எண்டு ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். பின்னேரங்களில் கூரைப் பக்கம் ஏதோ கருகுகிற மணமும் வருகிறதாம். பெயின்ற் ஆட்கள் ரெலிபோன் எடுக்கவில்லை. ஏணி பிடிக்க ஆளில்லை என்று அப்பா என்னை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். நடுப்பகல் பன்னிரண்டரை மணி. வித்துவான் வீட்டு விறாந்தையில் கல்யாணத்துக்கு வந்த சனம்போல அயலட்டை முழுக்க நின்றது, ஏனென்றால் கச்சேரி ஐயாவே கூரையில் ஏறுகிறாராம். நான் வேண்டாம் என்றேன். "முப்பத்துமூண்டு வருசம் எத்தினை திட்டம் மேற்பார்வை செய்தனான்" என்று சொல்லிக்கொண்டு சறத்தை மடித்துக் கட்டி ஏறினார்.

மேலே போய் ஒரு பனலின் சட்டத்தைப் பிடித்தார். அடுத்த கணம் கை உதறிய வேகத்தில் ஓட்டில் சறுக்கி, முழங்கை தேய, முகட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஓடு ஒன்று என் காலடியில் விழுந்து உடைந்தது. யாரோ ஓடிப்போய் மெயின் சுவிச்சை நிறுத்தினார்கள். எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை, ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடியே தக்சாயினிக்கு ரெலிபோன் எடுத்தேன். சுன்னாகத்தில் வேலையில் நின்றாள். நான் சொல்லி முடிக்கவில்லை, அவள் கேட்டாள், "அன்ரி, நீங்கள் எங்கை நிக்கிறியள்?" ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றேன். "ஏணியை விடுங்கோ. அலுமினியம். ஐயாவை ஒண்டிலையும் தொடாமல் முகட்டிலை இருக்கச் சொல்லுங்கோ. மெயினை நிப்பாட்டினாலும் வெயில் படுமட்டும் பனலுக்குள்ளை கரண்ட் நிக்கும். வாறன்."

அவள் வர இருபது நிமிடம் ஆனது. ஆரணி, அந்த இருபது நிமிடத்தைப் பற்றி நான் பகிடியாக எழுதமாட்டேன். அந்த வெயிலில் அப்பா முகட்டில் குந்திக்கொண்டு, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி இருந்தார். கல்யாணம் முடித்து நாற்பத்தொரு வருடத்தில் அவரை நான் அவ்வளவு சின்ன ஆளாகக் கண்டதில்லை. என்னை எப்போதும் "இஞ்சாரும்" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு மேலிருந்து "கலா" என்று கூப்பிட்டார். நான் "இருக்கிறன்" என்றேன். பிறகு கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கூப்பிட்டார், நான் திரும்பவும் சொன்னேன். அப்படியே அவள் ஸ்கூட்டியில் வந்து இறங்கும் மட்டும்.

தக்சாயினி வந்ததும் இரப்பர்க் கையுறையைப் போட்டாள், வித்துவான் வீட்டு மரஏணியைக் கேட்டாள், நெல் காயவிடுகிற கறுப்புப் படங்கு இரண்டைக் கேட்டாள். ஏறிப்போய், ஒன்றிலும் கை படாமல், படங்கை விரித்துப் பன்னிரண்டு பனலையும் மூடினாள். பிறகு எதையோ அளந்து பார்த்து, எதையோ கழற்றி, ரேப் சுற்றிய இடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அந்த இடம் உருகிக் கறுத்துப்போய், வயரின் செம்பு சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கூரை மரம் பற்றியிருக்கும் என்று பிறகு சொன்னாள். கடைசியாக அப்பாவின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினாள். கீழே வந்து தண்ணீர் குடித்து, மூச்சு வந்ததும், அப்பா கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை, இதுக்கு உமக்கு எவ்வளவு தரவேணும்" என்பது. அவள் கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டே, "ஆணைக்குழு வைச்சுத் தீர்மானியுங்கோ ஐயா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். வித்துவான் மட்டும் அந்தப் பக்கம் திரும்பி நின்று இருமினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு பேரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் கூப்பிட்டேன், கேட்டுவிட்டு அல்ல. சாப்பிட்ட பிறகு, ஒரு வீட்டு வேலைக்கு நாங்கள் வாங்குகிற தொகை எவ்வளவு, சாமானுக்குப் போவது எவ்வளவு, எங்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று வாய்விட்டுச் சொன்னேன். கச்சேரி இரகசியக் கோப்பை நடுச்சந்தியில் திறந்ததுபோல அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, என்ன தந்தால் திரும்பி வருவீர்கள் என்று கேட்டேன். ஐந்து அமர்வில் வராத கேள்வி, கேட்க அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. சுன்னாகத்தில் ஐயாயிரமாம். ஆனால் கிழமைக்கணக்கில் வவுனியாவுக்கும் மன்னாருக்கும் கொண்டுபோய் விடுகிறார்களாம், தக்சாயினியின் பிள்ளைகள் தாய் இல்லாமல் பள்ளிக்கூடம் போகிறார்களாம். நாளுக்கு ஐயாயிரம், மழைக்கு வேலை நின்றால் பாதிச் சம்பளம், இடுப்புப் பட்டி, விழுந்தால் வைத்தியச் செலவுக்குக் காப்புறுதி. இவ்வளவுதான் கேட்டார்கள். எங்களால் கொடுக்க முடியும். வீட்டுக்காரரிடம் கொஞ்சம் கூட வாங்க வேண்டும், அப்பாவின் பங்கும் கொஞ்சம் குறையும். முடியாத காரியம் ஒன்றுமில்லை.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்த இடத்தில் சுபாஸ்கரன் தொண்டையைச் செருமினார். "எனக்கு ஓம் அன்ரி. ஆனால் உவவுக்கும் எனக்கும் ஒரே சம்பளம் எண்டால், நான் கட்டாரிலை எட்டு வருசம் நிண்டனான்" என்றார். பார், அநியாயத்தைப் பற்றிக் கதைக்க வந்தவர் தன்னுடைய பங்குக்குக் கொஞ்ச அநியாயத்தைப் பையில் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, தனக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டதென்று. தக்சாயினி சத்தம் போடவில்லை. "அண்ணை, போன மார்கழி உடுவில் வீட்டிலை மூண்டு நாளாய்ப் பிடிபடாத பிழையை ஆர் பிடிச்சது?" என்று மட்டும் கேட்டாள். அவர் மோரை எடுத்துக் குடித்தார், வைத்தார், திரும்பவும் எடுத்தார். "உது சரிதான்" என்றார். பிறகு, "ஒரே சம்பளமாய்ப் போடுங்கோ அன்ரி. அளவெட்டியிலை எனக்கு அந்தப் படங்கு யோசனை வந்திருக்குமோ தெரியாது" என்றார். அது அவருக்கு இலேசான வசனமில்லை, நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் பாயாசம் ஊற்றினேன்.

அப்பா எல்லாவற்றையும் கோடு போட்ட தாளில் அழகான கையெழுத்தில் எழுதி, திகதி இட்டு, "அங்கீகரிக்கப்பட்டது" என்று சிவப்பு மையால் கையொப்பம் வைத்தார். அதைப் பார்த்த தக்சாயினி கேட்டாள், "ஐயா, ஓடர் எடுக்கிறது, பில் போடுறது, சாமான் எண்ணி அனுப்புறது, வீட்டுக்காரர் ஏசினால் கேட்டுக்கொண்டு நிக்கிறது எல்லாம் அன்ரி. அன்ரியின்ரை பேரை இதிலை காணேல்லை." அப்பா சிரித்தார். "அவவுக்கு ஏன் சம்பளம், அவ வீட்டு ஆள்தானே" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். "உங்களுக்கு எவ்வளவு வேணும் அன்ரி" என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டபோதுதான் என் சிரிப்பு நின்றது. இரண்டு பேருக்காக அவ்வளவு நேரம் நியாயம் கதைத்தவளுக்கு, தனக்கென்று கேட்கும்போது வாயில் ஒரு தொகை வரவில்லை. அடுப்பில் பால் இருக்கிறதென்று சொல்லிக் குசினிக்குள் போய் நின்றேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை அந்தத் தாள் மேசையில் இருந்தது. மூன்றாவது வரியில், அப்பாவின் கையெழுத்தில், "கே. உதயகலா, அலுவலக முகாமையாளர்" என்று இருந்தது. தொகை எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. அவர் பூக்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார், அதுவும் மழை பெய்து ஓய்ந்த முற்றத்தில். மூன்று நாள் அதை அப்படியே வைத்திருந்தேன். நாலாம் நாள் ஒரு தொகை எழுதினேன். எவ்வளவென்று உனக்குச் சொல்லமாட்டேன், முதலில் எழுதியதை வெட்டிவிட்டு அதைவிடக் கூட எழுதினேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அப்பா பார்த்தார், புருவத்தை உயர்த்தினார், கையொப்பம் வைத்தார். முதல் சம்பளத்தில் எனக்கென்று ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கினேன். இதுவரை அப்பாவின் பழையதைத்தான் போட்டுப் பில் எழுதினேன். இப்போது பார்த்தால் அவருடைய அறிக்கைகளில் எவ்வளவு எழுத்துப்பிழை.

வேலைகள் நன்றாக நடக்கின்றன. வித்துவான் வீட்டுப் பனல்களைத் தெற்குப் பக்கத்துக்கு மாற்றிப் பூட்டியாயிற்று, அதற்கு அவரிடம் நாங்கள் ஒரு சதமும் வாங்கவில்லை. தம்பிஐயா மாஸ்ரர் சுகம், தன்னுடைய வீட்டுக்கும் சோலர் பூட்டுவதைப் பற்றிப் பரிசீலிக்கிறாராம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, வேலைக்குப் போகும் அவசரத்தில் கோப்பியை மட்டும் குடித்துவிட்டு ஓடாதே. தாரிகாவோடு வீட்டில் தமிழில் கதை. மருமகனுக்கு முதுகு நோ என்றாய், சித்தாலேபைத் தைலம் வைத்திருக்கிறேன், இரவில் பூசச் சொல்லு. எல்லாருக்கும் பிள்ளையார் துணை நிற்பார், நீங்கள் நீண்ட ஆயுளோடு குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தாரிகாவைக் காலையிலிருந்து நீ வரும்வரை பார்த்துக்கொள்கிற மார்கிரட் அக்காவை, வீட்டில் ஒருத்திபோல என்று நீ எப்போதும் சொல்வாய். பனிக்கு உன் பஸ் பிந்திய நாட்களில் அவ எட்டு மணிவரை இருந்தா என்றும் சொன்னாய். அந்த நேரத்துக்கு என்ன கொடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. நீ அவவிடம் கேள். கேட்டுவிட்டு, அவ பதில் சொல்லும் மட்டும் பேசாமல் இரு.

உன் சுகத்தையே நினைத்திருக்கும் அம்மா,
கே. உதயகலா